வினையூக்கி இல்லாத குடுவை

பட்டனை அழுத்தியாயிற்று. இனி நிறுத்த முடியாது. நிறுத்தலாம், சிவப்புப் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டிவரும், அதற்கு ஓடட்டும் என்று விட்டுவிடுவது மேல். ஒரே ஒரு மைக்ரோலிட்டர் திரவம். ஒரு கொசுவின் வயிறுகூட நிறையாது. அது இப்போது இந்த ஜி.சி. இயந்திரத்துக்குள், நூலைவிட மெல்லிய குழாய் ஒன்றில், முப்பது மீட்டர் தூரத்தை ஓட ஆரம்பித்துவிட்டது. கலவையில் இருப்பவை வழியில் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், லேசானது முந்தும், கனமானது பிந்தும், ஒவ்வொன்றும் வெளியே வரும்போது திரையில் கோடு ஒரு மலைபோல எழுந்து இறங்கும். எனக்கு வேண்டியது கடைசி மலை, வினை நடந்தால் மட்டுமே உண்டாகிற பொருளின் மலை. வேண்டியது என்றா சொன்னேன். வரக்கூடாதது. வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் நேற்று ராத்திரி படுக்கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எது எனக்கு நல்லது என்று தெரியாமலே விடிந்துவிட்டது. இயந்திரத்தின் பக்கவாட்டில் போன சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து, பாதி உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டுகிறேன். சுரண்டக்கூடாதோ. கையை எடுத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் செமினார் அறையில் ஷமீமா அக்கா பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளை மறுநாள் அவளுடைய பி.எச்.டி. வைவா. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது, முதலில் வேகமாக, அப்புறம் நிதானமாக, அப்புறம் ஒரு இருமல், மறுபடி அதே வாக்கியம். நல்ல குரல். ஐந்து வருட வேலையை முப்பது நிமிடத்தில் சொல்லப்போகிற குரல்.

நடந்தது இவ்வளவுதான். முந்தாநாள் சாயங்காலம் வழக்கம்போல எல்லாம் போட்டேன். திரவம், காரம், ஒட்டவேண்டிய இரண்டு மூலக்கூறுகள், எல்லாம் குடுவைக்குள். கடைசியில் வினையூக்கி. அக்காவின் வினையூக்கி, நிக்கல் உலோகத்தோடு கார்பீன் சேர்ந்தது, இளஞ்சிவப்பாக ரோஸ் பவுடர் மாதிரி இருக்கும், காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை நுழைத்துத்தான் எடை போடவேண்டும். போட்டேன். போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது அம்மாவிடமிருந்து போன், எப்போதும்போல, சாப்பிட்டியா, எப்ப முடியும், பக்கத்து வீட்டு சுகந்திக்கு ரெண்டாவது குழந்தை. பேசிவிட்டு வந்து குடுவையை மூடி, சூட்டில் வைத்து, சுற்றவிட்டுப் போய்விட்டேன். நேற்றுக் காலையில் பார்த்தால் தொண்ணூற்றொரு சதவீதம் ஒட்டி முடிந்திருந்தது. சந்தோஷமாக இன்னொன்று போடலாம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டேன். உள்ளே சின்னக் குப்பியில் இளஞ்சிவப்புத் தூள். எடை போட்டு, மூடி போட்டு, என் கையெழுத்தில் தேதி போட்டு. அதாவது குடுவைக்குள் போடவேயில்லை. ஊக்க வேண்டியது வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே வினை தானாக நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கையுறைக்குள் என் விரல்கள் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தன என்று தெரியவில்லை. எடுக்கும்போது வியர்வையில் வழுக்கி வந்தன. அதனால் நேற்று மறுபடி ஒன்று போட்டேன், இந்த முறை தெரிந்தே, வினையூக்கி இல்லாமல். குடுவைமேல் பெயர் எழுதாமல் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் மலை எழுந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, அது ஈதர். உப்புத் திரவத்திலிருந்து மற்றதையெல்லாம் பிரித்தெடுக்க நான் ஊற்றியது, அது வரத்தான் செய்யும், ஆகாயத்துக்கு முட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். கோடு எழுந்தாலே இப்படி ஆகிவிட்டது எனக்கு. கதவு திறக்கிறது. பிரான்சிஸ். அடுத்த மேசைக்காரன், எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன்.

"என்ன வேணி, மெஷினுக்குக் காவலா? அது எங்கயும் ஓடிப்போயிடாது. வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

"இல்ல, நீங்க போங்க."

"ஒரு வார்த்தை கூடுதலா பேசினா ஜி.எஸ்.டி. போடுவாங்கன்னு பயமா?"

சிரித்தேன். சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அவன் திரையை எட்டிப் பார்க்கிறானோ என்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன், அதையும் பார்த்துவிட்டானோ. பார்த்தாலும் என்ன, ஈதர் மலையில் என்ன தெரியும். போய்விட்டான். போன பிறகு இந்த அறையில் ஏ.சி. சத்தமும், பம்புச் சத்தமும், அக்காவின் குரலும். நான் எப்போதுமே இப்படித்தான். பஸ்ஸில் இறங்கணும் என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன், ஒருமுறை அல்ல. அப்படிப்பட்டவள் கையில்தானா இது வந்து சிக்க வேண்டும். பிரான்சிஸுக்கு நடந்திருந்தால் அந்த நிமிஷமே லேப் முழுக்கக் கத்தியிருப்பான், அரை மணியில் எல்லாருக்கும் தெரிந்து, சண்டையாகி, டீ குடித்து, முடிந்திருக்கும்.

இந்தத் திரவம் எனக்குப் பிடித்துத்தான் இந்த லேபுக்கு வந்தேன். உப்புதான், ஆனால் கட்டியாக இல்லாமல் சாதாரணச் சூட்டிலேயே உருகிக் கிடக்கும் உப்பு. தேன் மாதிரி மெல்ல நகரும், வாசனை கிடையாது, ஆவியாகாது, திறந்து வைத்தாலும் தன்பாட்டுக்கு இருக்கும். மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரிக்கு எலக்ட்ரோலைட்டாகவும் வைக்கலாம், வினை நடத்தவும் வைக்கலாம் என்று நாகலிங்கம் சார் சேர்க்கை நேர்முகத்தில் சொன்னார். ரொம்ப சாது, எதிலும் தலையிடாது, என்றார். சாது இல்லை என்று சேர்ந்த பிறகு புத்தகத்தில் படித்தேன். காரம் பட்டால் அதன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜன் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் கார்பன் ஒன்று கை இரண்டு குறைந்து நிற்கும். அதுதான் கார்பீன். தனியாக அதிக நேரம் நிற்கமாட்டாது, அருகில் எந்த உலோகம் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் கிடைத்தால் நிக்கல். அக்காவின் கண்டுபிடிப்பு அதுதான், விலை மலிவான நிக்கலை வைத்து, பவுன் விலை விற்கிற உலோகங்கள் செய்கிற வேலையை வாங்கிவிட்டாள். கட்டுரை வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். வெளிநாட்டு லேப் ஒன்றிலிருந்து மட்டும் எங்களுக்கு வரவில்லையே என்று மெயில் வந்தது. உங்கள் திரவம் சரியாகக் காய்ந்திருக்காது என்று சார் பதில் போட்டார். நான் அதே வினையை எட்டு மாதம் செய்தேன். எனக்கும் வரவில்லை. திரவத்தை இரண்டு நாள் பம்பில் போட்டுக் காயவைத்தேன், மூன்று நாள் காயவைத்தேன், குடுவையை அடுப்பில் வாட்டினேன், எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "சிலருக்குக் கை வர நேரமாகும்மா," என்றார், எல்லாரும் இருக்கும்போது. அன்றைக்கு ஹாஸ்டல் குளியலறையில் என் கையை விரித்துப் பார்த்தேன், ஏதோ அதில் குறை எழுதியிருக்கும்போல. அப்புறம் ஒருநாள் வந்தது. தொடர்ந்து வந்தது. கை வந்துருச்சு என்றார்கள். நானும் நம்பினேன். இதுவரை யாரும் என்னைப் பார்த்து அப்படி எதுவும் சொன்னதில்லை.

இரண்டாவது மலை. இது ஆரம்பப் பொருள், ஒட்டவேண்டிய இரண்டில் ஒன்று. வினை நடக்காமல் இருந்திருந்தால் போட்டது அப்படியே இருக்கும், மலை பெரிதாக வரவேண்டும். எழுகிறது, எழுகிறது, எழு. நின்றுவிட்டது. சின்ன மேடு. ஒரு புற்று அளவுதான். ஆவியாகிப் போயிருக்கலாம், மூடி சரியாக இறுகாமல். ஈதரில் சரியாக இறங்காமல் திரவத்துக்குள்ளேயே தங்கியிருக்கலாம். ஊசியில் குமிழி இருந்திருக்கலாம். ஆனால் அளவு பார்க்கவென்று எப்போதும் சேர்க்கிற எண்ணெய், அதோ பக்கத்திலேயே தன் வழக்கமான உயரத்தில் எழுந்து நிற்கிறது, ஊசி சரி என்று அது சாட்சி சொல்கிறது. அப்படியானால் போட்ட பொருள் எங்கே போயிற்று. இன்னும் சில நிமிடங்கள். அக்காவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கல் என்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் சுவரைத் தாண்டித் தெளிவாக வருகிறது. எது செய்தது இதை. தண்ணீரா, கண்ணாடியா, வாங்கிய மருந்தில் ஏதாவது கலந்திருந்ததா. எல்லாம் புதிது, எட்டு மாதம் வராதபோதும் இதே மருந்து, இதே பாட்டில். வராததற்கும் வந்ததற்கும் நடுவில் என்ன மாறியது. கை. கை ஒரு பொருளா, கண்ணாடிக் குடுவைக்குள் கையா போகிறது. உள்ளே போவது எது. திரவம் போகிறது, காரம் போகிறது, பீட் போகிறது.

பீட்.

அது அக்கா கொடுத்தது. அரிசிமணி அளவு காந்தம், மேலே வெள்ளை டெஃப்லான் பூச்சு, குடுவைக்குள் போட்டுவிட்டால் கீழே இருக்கிற இயந்திரம் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றிக் கலக்கும். எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு, கிளம்புகிற சீனியர் தன்னுடைய பீடை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போவார், ராசியான பீட் என்று. குமரேசன் அண்ணன் போகும்போது அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா, கிளம்புவதற்கு முன்னாலேயே, நான் எட்டு மாதமாக அழாத குறையாக நிற்பதைப் பார்த்துவிட்டு என் கையில் வைத்து மூடினாள். எனக்கு ராசி, உனக்கும் ஆகட்டும், என்றாள். அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை நான் போட்டதெல்லாம் பாக்கெட் பிரித்த புது பீட்கள். எழுந்துபோய், நேற்றைய குடுவையிலிருந்து எடுத்துக் கழுவ அசிட்டோன் பீக்கரில் போட்டிருந்ததை இடுக்கியால் எடுக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல், கீறலுக்குள் சாம்பல் நிறம், பென்சிலால் இழுத்த மாதிரி. எத்தனை தடவை பார்த்திருப்பேன் இதை. வயதான பீட் என்று நினைத்தேன், வயதானால் எதற்குத்தான் சுருக்கம் விழாது என்று. குமரேசன் அண்ணன் வேலை செய்தது பல்லேடியத்தில். பல்லேடியம் பொல்லாதது, துளி இருந்தால் போதும், நிக்கல் செய்ய முடியாததை எல்லாம் செய்துவிடும். அந்தக் கீறலுக்குள் அது கறையாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறது, எங்கள் சாதுத் திரவம் ஒவ்வொரு முறையும் தன் கார்பீனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்துக் கரைத்துக்கொள்கிறது, வேலை முடிகிறது, பேர் நிக்கலுக்கு. அக்கா பொய் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும், தெரியும் என்றுகூடச் சொல்லமுடியாது, கடைசி மலை இன்னும் வரவில்லை. வராமலிருக்கலாம். வராமலிருந்தால் நான் முந்தாநாள் இரண்டு முறை எடை போட்டிருக்கிறேன், ஒன்றை உள்ளே போட்டுவிட்டு மறந்திருக்கிறேன், அவ்வளவுதான், வேணி ஒரு மறதிக்காரி. வந்தால். வந்தால் அக்காவின் ஆய்வேட்டில் பின்பாதி முழுவதும் போய்விடும். அக்காவுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கிறது, இந்த நிக்கலை வைத்துத்தான் கிடைத்தது. அவள் மகள் நூரா கடையநல்லூரில் அக்காவின் உம்மாவிடம் வளர்கிறாள், வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து, உம்மா உன் உப்பு உருகிருச்சா என்று கேட்பாள். அக்கா எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள். வைவா முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறப்போகிறாள். அதை நான், இறங்கணும் என்று கண்டக்டரிடம் சொல்லத் தெரியாதவள், நிறுத்த வேண்டுமா. ஃபைலை மூடிவிடலாம். ஒரு க்ளிக். பெருக்கல் குறி போட்ட குடுவையைக் கழுவிவிட்டால் அது எல்லாக் குடுவையும் போல ஒரு குடுவை. வைவா முடியட்டும், அவள் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் நான் இதே பீடை வைத்துக்கொண்டு இதே வினையை மூன்று வருடம் செய்ய வேண்டும், தினமும் கை வந்துவிட்டவள்போல. அப்புறம் என் ஜூனியர் கையில் இதை வைத்து மூடவேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது. திரையில் கோடு தரையிலிருந்து கிளம்புகிறது. மெல்ல, பிறகு மெல்ல இல்லை. ஏறுகிறது. திரையின் பாதி. ஏறி, கூராகி, இறங்கி, தரைக்கு வந்து, மறுபடி நேராகப் போகிறது, ஒன்றும் நடக்காததுபோல.

கதவு திறந்தது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா.

"தொண்டை கட்டிருச்சு வேணி. வெந்நீர் வெச்சிருக்கியா? ஆமா, வைவா அன்னைக்கு உனக்கு சைவச் சாப்பாடுதானே, கேக்கவே மறந்துட்டேன்." பேசிக்கொண்டே என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எந்த மலை எங்கே வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அட, சூப்பரா வந்திருக்கே. எத்தனை பர்சென்ட் நிக்கல் போட்ட? ரெண்டா, அஞ்சா?"

"போடலக்கா."

"என்ன போடல?"

"நிக்கல். எதுவுமே போடல."

அக்கா சிரித்தாள். "போட்டுட்டு மறந்திருப்ப. சரியா தூங்குறியா நீ?"

ஆமாம்க்கா என்று சொல்லிவிடலாம். வாயில் அதுதான் இருந்தது. "இல்லக்கா. முந்தாநாள்தான் மறந்தேன். அப்பவும் வந்துச்சு. அதனால நேத்து வேணும்னே போடாம வெச்சேன்."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. "முன்னாடி யாராச்சும் இதே பொருளை ஓட்டியிருப்பாங்க. குழாய்ல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"காலையில வெறும் ஈதர் போட்டுப் பாத்தேன்க்கா. நேர்க்கோடு."

"திரவம் யாரோடது? பழைய பாட்டிலா?"

"நான் செஞ்சது. புதுசு."

ஒவ்வொன்றாக அவள் திறந்துவைக்க ஒவ்வொன்றாக நான் மூடிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அக்கா லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். அப்போதுதான் என் இடது கையில் இடுக்கியும் அதன் நுனியில் பீடும் இன்னும் இருப்பதைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினாள். இரண்டாவது முறை திருப்பவில்லை.

"சாருக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"பிரான்சிஸுக்கு?"

"யாருக்கும் சொல்லல."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன உடனேயே அறை சுருங்கிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு பேர், ஒரு பீட், ஒரு கோடு. இவள் கேட்கப்போகிறாள், நாளை மறுநாள் வரைக்கும் பொறுத்துக்கோ வேணி என்று கேட்கப்போகிறாள், கேட்டால் நான் சரி என்றுதான் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும், யார் எதைக் கேட்டாலும் சரி என்றே சொல்லிப் பழகியவள், நேற்றிலிருந்து என்னைத் தூங்கவிடாதது மலை வருமா வராதா என்பது இல்லை, இதுதான், கேட்டால் சரி என்றுவிடுவேனே என்பதுதான். கேட்காதே அக்கா. கேட்டுவிடாதே. அவள் திரையைப் பார்த்தாள். மூடிய லேப்டாப்பைப் பார்த்தாள். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

"பிரிக்காத பாக்கெட் இருக்கா, பீட்?" என்றாள்.

"இருக்கு."

"புதுக் குடுவை?"

"இருக்குக்கா."

"அப்ப மூணு வெப்போம். நிக்கலோட புது பீட். நிக்கல் இல்லாம புது பீட். நிக்கல் இல்லாம இது. நான் எடை போடுறேன், நீ பாரு. அப்புறம் நான் பாக்குறேன், நீ போடு." போனை எடுத்தாள். "சாருக்கு இப்பவே போன் பண்ணிடுறேன். காலையில ரிசல்ட் வர்றவரைக்கும் காத்திருந்தா நான் மனசு மாறிடுவேன்."

போனில் அவள் பேசியது கொஞ்சம்தான். வைவா விஷயமா சார், ஒரு பிரச்சினை, லேபுக்கு வரமுடியுமா, இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வைத்துவிட்டு என் லேப் கோட்டைக் கேட்டாள், அவளுடையதை ஒரு மாதம் முன்பே துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாளாம். என் கோட் அவளுக்குத் தோளில் இறுக்கம். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கையுறைக்குள் கையை நுழைத்தாள். வலது கையில் ஒரு விரல் உள்ளே போகாமல் மடங்கிக்கொண்டது. உதறினாள், மறுபடி நுழைத்தாள், மறுபடி மடங்கிக்கொண்டது. ஐந்து வருடம் இந்தக் கையுறைக்குள்ளேயே வாழ்ந்தவள். நான் பக்கத்தில் போய் முழங்கைக்குக் கீழே ரப்பரைப் பிடித்து இழுத்துவிட்டேன். விரல் உள்ளே போயிற்று. நான் பிடியை விடவில்லை.